கார் வாங்க மொத்தக் காசையும் கொடுத்துவிடலாமா, லோன் போடலாமா? (8.20 லட்சம், சேரன்மகாதேவி)

சேரை வாத்தியார் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். சேரன்மகாதேவியில் இருக்கிறோம். நான் தனியார் பள்ளியில் வாத்தியார், வீட்டில் அவள் பாளையங்கோட்டையில் ஒரு லேபில் வேலை, இரண்டு சம்பளமும் சேர்த்து மாதம் 58 ஆயிரம் வருகிறது. அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டது, பஸ் படியில் ஏற்றுவதற்குள் கண்டக்டர் இரண்டு விசில் அடித்துவிடுகிறார். போன பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போக வாடகை வண்டி தேடி அலைந்த அலைச்சலில் (அன்றைக்கு நம்ம பக்கம் வண்டி கிடைப்பது எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை) கார் வாங்கியே தீருவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

மாடல் பெயர் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு முழுக்க மைலேஜ் பக்கம் போய்விடும். சின்ன பெட்ரோல் வண்டி, ஆன்ரோடு 8 லட்சத்து 20 ஆயிரம். எங்களிடம் இருப்பது டெபாசிட் 7 லட்சம் (மூன்று ரசீது: 3 லட்சம், இரண்டரை, ஒன்றரை), சேமிப்புக் கணக்கில் 1 லட்சத்து 80 ஆயிரம். மொத்தம் 8 லட்சத்து 80 ஆயிரம். வேறு கடன் ஒன்றும் கிடையாது.

அப்பா சொல்கிறார், கையில் காசு இருக்கும்போது எவனாவது வட்டி கட்டுவானா என்று. ஷோரூம் தம்பி வேறு மாதிரி சொல்கிறான். விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் எழுதியே காட்டினான்: "சார், 5 லட்சம் லோன் போடுங்க, 9 சதவீதம், 5 வருஷம், மாசம் 10,379. மொத்தமா நீங்க கட்டுற வட்டி 1 லட்சத்து 22 ஆயிரம்தான். உங்க 5 லட்சத்தை டெபாசிட்ல இருந்து எடுக்காதீங்க, ஆறரை சதவீதத்துல அது 5 வருஷத்துல 6 லட்சத்து 90 ஆயிரம் ஆயிடும். வட்டி மட்டும் 1 லட்சத்து 90. உங்களுக்கு 68 ஆயிரம் லாபம் சார்." லோன் போட்டால் 20 ஆயிரம் தள்ளுபடி, மொத்தமாகக் கொடுத்தால் 8 ஆயிரம்தான் என்றும் சொன்னான்.

வீட்டுக்கு வந்து மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. ஆனால் 9 சதவீதத்துக்கு வாங்கி ஆறரைக்குப் போட்டால் எப்படி லாபம் வரும்? எங்கேயோ இடிக்கிறது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை. கணக்கு வாத்தியார் என்பதை எங்கேயும் சொல்லிவிடாதீர்கள்.

பேட்டைக்காரன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது அண்ணாச்சி, அப்பா சொல்வதைக் கேளுங்கள். ஷோரூம்காரனுக்கு உங்கள் டெபாசிட் மேல் என்ன அவ்வளவு அக்கறை? லோன் போட்டால் வங்கியிலிருந்து அவனுக்குக் கமிஷன் வரும், அந்தக் கமிஷனில் கொஞ்சத்தைத்தான் தள்ளுபடி என்று உங்களுக்குக் கிள்ளிக் கொடுக்கிறான்.

இன்னொன்று, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சாஸ்தா கோயில், மாதத்துக்கு இரண்டு தடவை பாளை டாக்டர், இதற்கா 8 லட்சம்? வாடகை வண்டியே போதுமே.

பாளை ரிட்டையர்டு

வங்கியில் 31 வருஷம் குப்பை கொட்டினவன் என்ற முறையில் சொல்கிறேன். வாத்தியார் தம்பிக்கு இடிக்கிற இடம் சரியான இடம்தான். அந்தப் பையன் ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டான்: மாதாமாதம் 10,379 எங்கிருந்து வருகிறது?

டெபாசிட்டில் 5 லட்சம் முழுசாக 5 வருஷம் கிடக்கிறது, வட்டிக்கு வட்டியும் ஏறுகிறது. கடன் அப்படிக் கிடப்பதில்லை. முதல் மாதத் தவணையில் 3,750 வட்டி, மீதி 6,629 அசலில் கழிகிறது. அடுத்த மாதம் குறைந்த அசலுக்குத்தான் வட்டி. பாதி வழியில், 30-ஆவது தவணை கட்டி முடிக்கும்போது நிலுவை 2 லட்சத்து 78 ஆயிரம் போல இருக்கும். அதாவது 5 லட்சத்தை நீங்கள் 5 வருஷத்துக்குக் கடன் வாங்கவே இல்லை, சராசரியாகப் பார்த்தால் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் உங்கள் கையில் இருந்தது. பாதிக் கடனின் வட்டியை முழு டெபாசிட்டின் வட்டியோடு பக்கத்தில் வைத்துக் காட்டினால் 9-ஐ விட ஆறரை பெரிதாகத்தான் தெரியும்.

சரியாக ஒப்பிட வேண்டும் என்றால் இப்படிப் போடுங்கள். கடன் வாங்கவில்லை, 5 லட்சத்தை டெபாசிட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். தவணை கிடையாது. கடன் வாங்கியிருந்தால் கட்டியிருக்க வேண்டிய அந்த 10,379-ஐ மாதம் தவறாமல் ஆர்.டி.யில் (மாதாமாதம் ஒரே தொகை கட்டுகிற டெபாசிட்), அதே ஆறரை சதவீதத்தில் போடுகிறீர்கள். 60 மாதம் முடியும்போது 7 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் கையில் இருக்கும். பையன் சொன்ன டெபாசிட்டோ 6 லட்சத்து 90. ஆக 68 ஆயிரம் லாபம் என்று அவன் எழுதின இடத்தில் உண்மையில் 40 ஆயிரத்துக்கு மேல் நஷ்டம். நடுவில் டெபாசிட்டை உடைத்தால் ஒரு சதவீதம் போலக் குறைத்துக் கொடுப்பார்கள், அது சின்னக் காசு. உங்கள் சம்பளத்துக்கு வருமான வரி வராது என்பதால் அந்தப் பேச்சை விடுகிறேன்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்ததை அவன் சொல்கிறான். எங்கள் கிளையிலேயே இதை நம்பிச் சொன்ன பயல்கள் உண்டு.

அம்பை அக்கா

பாளை அண்ணாச்சி கணக்கு சரி. ஆனால் அந்த ஆர்.டி.யை யார் போடுவார்கள்? தவணை என்றால் வங்கி கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும், ஆர்.டி. என்றால் மூன்றாவது மாதம் ஒரு வளைகாப்பு வரும், ஐந்தாவது மாதம் பள்ளிக் கட்டணம் வரும், அப்புறம் அது அப்படியே நின்றுபோகும். என் வீட்டில் நின்றது.

நான் சொல்ல வந்தது வேறு. நாங்கள் மொத்தக் காசும் கொடுத்துத்தான் வண்டி எடுத்தோம். கடனே இல்லை என்று பெருமையாக வீட்டு முன்னால் நிறுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி, போட்டோ எல்லாம் எடுத்தாயிற்று. ஆறே வாரத்தில் மாமியார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் 60 ஆயிரம் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கணக்கில் 14 ஆயிரம் இருந்தது. சீட்டில் பாலித்தீன் உறை கூடப் பிரிக்காத கார் வெளியே நிற்கிறது, உள்ளே நானும் அவரும் யாருக்குப் போன் போடுவது என்று முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். காரில் ஒரு டயரை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டு மீதியை ஓட்டிக்கொண்டு வர முடியுமா? அன்றைக்கு என் தம்பி கொடுத்தான். அப்புறம் மீதிச் செலவுக்கு பர்சனல் லோன் 15 சதவீதத்தில் எடுத்தோம். கார் லோன் 9-க்குக் கிடைத்தும் வேண்டாம் என்றவர்கள் 15-க்கு வாங்கினோம்.

வாத்தியார் சார், 8.80-இல் 8.20 போனால் மீதி 60 ஆயிரம். 72 வயது ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு 60 ஆயிரத்தோடு உட்காராதீர்கள்.

பேட்டைக்காரர் சொன்ன வாடகை வண்டி பற்றியும் ஒரு வார்த்தை. டிரைவர் வீட்டு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும்போது முழங்கால் வலிக்கிற மனிதரைப் பைய நடத்திக்கொண்டு வந்து ஏற்றிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

பாளை ரிட்டையர்டு

அம்மா, நீங்கள் சொல்வது சரி. நான் வட்டியை மட்டும் பார்த்தேன், மீதி 60 ஆயிரத்தைப் பார்க்கவில்லை.

அப்படியென்றால் ஒரு யோசனை. டெபாசிட் மேலேயே கடன் வாங்கலாமே? டெபாசிட் வட்டியை விடப் பெரும்பாலும் ஒரு சதவீதம், சில இடத்தில் இரண்டு சதவீதம் கூட. ஆறரை என்றால் ஏழரை. 3 லட்சம் ரசீதின் மேல் இரண்டரை லட்சம் தாராளமாகக் கொடுப்பார்கள். ஆர்.சி. புத்தகத்தில் (வண்டியின் பதிவுச் சான்று) வங்கிப் பெயர் ஏறாது, கையில் காசு வந்தபோது கட்டிக்கொள்ளலாம்.

அம்பை அக்கா

அண்ணாச்சி, அடகில் கிடக்கிற டெபாசிட் ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து வருமா? இரண்டரை லட்சத்தை அதன் மேல் எடுத்துக் காரில் போட்டுவிட்டால் திரும்பவும் அதே நிலைமைதானே? ரசீது இருக்கிறது, ஆனால் தொட முடியாது. ஒன்றரை சதவீதம் மிச்சம் பிடிப்பதற்காகத் திரும்ப அதே கவுண்டரில் போய் நிற்கச் சொல்கிறீர்களா?

பாளை ரிட்டையர்டு

மறுபடியும் நீங்கள்தான் சரி. இன்றைக்கு எனக்கு நேரம் சரியில்லை.

களக்காடு வாழை

மாதச் சம்பளக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் நான் வேறு கதை. எங்களுக்குக் காசு வருவது வாழைத்தார் வெட்டும்போதும் பிசான நெல் அறுக்கும்போதும்தான், நடுவில் எல்லாம் பற்றுதான். டிராக்டர் கடனுக்கு அறுப்பை ஒட்டி ஆறு மாதத் தவணை வைத்துக் கொடுத்தார்கள், கார் கடனுக்கு மாதத் தவணைதான் என்றுவிட்டார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன். ஆடிக் காற்றில் 400 வாழை சாய்ந்தது. அந்த மாதம் தவணைக்கு என் வங்கிக் கணக்கைத் தட்டும்போது காசு இல்லை. கணக்கு வைத்திருக்கிற வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம், சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டுவது) வேறு இறங்கியது. என்னை மாதிரி ஆட்கள் காசு வந்த சமயத்தில் மொத்தமாகக் கொடுத்து, முடிந்தால் பழைய வண்டியாக எடுப்பது உத்தமம்.

எனக்குக் கடன் கொடுத்தது வங்கி கூட இல்லை, ஒரு பைனான்ஸ். 7 சதவீதம்தான் என்றார்கள், வங்கியை விடக் குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அது பிளாட் வட்டி. 5 லட்சத்துக்கு 7 சதவீதம் என்று 5 வருஷத்துக்கும் முழு அசலுக்கே போட்டு 1 லட்சத்து 75 ஆயிரம் வட்டி, மாதம் 11,250. நான் அசல் கட்டக் கட்டவும் அந்த வட்டி குறையவே இல்லை. மச்சான் மகன் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான், வங்கிக் கணக்குப்படி இது பன்னிரண்டரை சதவீதம் மாமா என்று. கோட்டி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வாத்தியாரே, ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொட்டலாம் என்று அப்பா சொன்னால் அதுவும் நடக்காது. 2017 ஏப்ரலில் இருந்து ஒரே வியாபாரத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக அவர்கள் வாங்கக்கூடாது, வாங்கினால் அதே தொகை அபராதம் அவர்களுக்கு. நாலு நாளாகப் பிரித்துக் கொடுத்தாலும் அதே சட்டம்தான். வாழை விற்ற காசைப் பையில் கட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தவன் சொல்கிறேன்.

தென்காசி ஆர்.டி.ஓ. வேலை

வண்டி வாங்கி விற்பவர்களுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை பார்த்துக் கொடுக்கிறவன் நான், அதனால் என் பங்குக்கு.

லோன் போட்டால் ஆர்.சி.யில் வங்கிப் பெயர் ஏறும், அது எல்லாருக்கும் தெரியும். இறக்க வேண்டும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. கடைசித் தவணை கட்டியதும் கதை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். வங்கியிடம் தடையில்லாச் சான்றும் கையெழுத்துப் போட்ட படிவம் 35-உம் வாங்கி, ஆர்.டி.ஓ.வில் கொடுத்தால்தான் பெயர் போகும். போன மாதம் ஒருவர் வந்தார். கடன் முடித்து நாலு வருஷம் ஆகிறது, சான்றை வாங்கி பீரோவில் வைத்துவிட்டார், இப்போது வண்டி விற்க ஆள் வந்து அட்வான்சும் கொடுத்தாயிற்று. சான்று பழசாகிப்போனதால் புதிதாக வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள், அதற்கு நடையாய் நடக்கிறார்.

இன்சூரன்ஸ் பாலிசியிலும் வங்கிப் பெயர் இருக்கும். வண்டி முழுசாகப் போய்விட்டால் பணம் முதலில் வங்கிக்குத்தான், மீதி இருந்தால் உங்களுக்கு. அதையும் கடன் முடிந்ததும் எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த 20 ஆயிரம், 8 ஆயிரம் தள்ளுபடி. எப்படிக் கொடுக்கப் போகிறீர்கள் என்று முதலிலேயே சொன்னது உங்கள் தப்பு. வண்டி விலையை மட்டும் முதலில் பேசுங்கள், லோன் பற்றிக் கேட்டால் "பார்க்கலாம் தம்பி" என்று நிறுத்துங்கள், தள்ளுபடியை எழுத்தில் வாங்கிய பிறகு லோன் பேச்சை எடுங்கள். வங்கியும் அவர்கள் காட்டுகிறதாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியிலும் கேட்டுப் பாருங்கள். இன்சூரன்சும் அப்படியே, வெளியே போட உங்களுக்கு உரிமை உண்டு. நான் பார்த்தவரை வெளியே கேட்டு வந்தேன் என்று சொன்ன உடனே உள்ளேயும் குறைகிறது.

சேரை வாத்தியார்

எல்லாருக்கும் நன்றி. கண் திறந்தது. பாளை அண்ணாச்சி கணக்கை நானே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், வருகிறது. பேட்டை அண்ணாச்சி, தப்பாக எடுக்கவில்லை, ஆனால் அவளைத் தினமும் பாளை பஸ்சுக்கு விடுவதும் இருக்கிறது.

இன்னும் ஒரு சந்தேகம். வீட்டில் 22 சவரன் நகை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், விவசாய நகைக்கடன் வாங்கினால் வட்டி ரொம்பக் குறைவு, அவர் அப்படித்தான் வண்டி எடுத்தாராம். எங்களுக்கும் அப்பா பெயரில் நாலு மரக்கால் விதைப்பாடு வயல் இருக்கிறது.

பாளை ரிட்டையர்டு

அது பயிர் வைக்கக் கொடுக்கிற கடன் தம்பி, காருக்கு இல்லை. பெருமையாக வெளியே சொல்கிறார்கள், நான் மேனேஜராக இருந்தபோதும் சொன்னார்கள். சாதாரண நகைக்கடன் என்றாலும் பெரும்பாலும் ஒரு வருஷத்தில் அசலும் வட்டியும் சேர்த்துத் திருப்ப வேண்டும், நீங்கள் வருஷக் கணக்கில் இழுக்கிற செலவுக்கு அது ஒத்துவராது. நகையை அந்த ராத்திரி பதினோரு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் இந்தத் தடவை நானே முந்திக்கொண்டேன்.

கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் முக்கிய விவரத் தாள் என்று ஒன்று கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் இந்த மாதிரிக் கடன் எல்லாவற்றுக்கும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். வட்டி, பிராசசிங் கட்டணம் எல்லாம் சேர்த்து உண்மையில் வருஷத்துக்கு எத்தனை சதவீதம் விழுகிறது என்று அதில் ஒரே எண்ணாகப் போட்டிருக்கும். பிளாட் வட்டி ஒளிந்திருந்தாலும் அங்கே வெளியே வந்துவிடும். முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா என்பதையும் அதிலேயே பாருங்கள், வட்டி மாறாத கடனுக்குச் சில இடத்தில் போடுகிறார்கள்.

சேரை வாத்தியார்

ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டோம். இரண்டரை லட்சம் மட்டும் கடன், மூன்று வருஷம். 9 சதவீதம் என்றால் மாதம் 7,950, மொத்த வட்டி 36 ஆயிரம் போல. ஒன்றரை லட்சம், இரண்டரை லட்சம் ரசீது இரண்டையும் உடைக்கிறோம், மீதி ஒன்று எழுபது சேமிப்பிலிருந்து. 3 லட்சம் ரசீதைத் தொடவில்லை, அதோடு கணக்கில் ஒரு 10 ஆயிரமும் இருக்கும். 36 ஆயிரம் வட்டி கேட்டு அப்பா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்பை அக்கா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து "அந்த அம்மா மாமியார் இப்ப நடக்காங்களா" என்று மட்டும் கேட்டார்.

அம்பை அக்கா

நடக்கிறார்கள், கைத்தடியோடு. போன வாரம் அதே காரில்தான் பாபநாசத்துக்குக் கூட்டிப் போனோம், ஏசி குளிருகிறது என்று வழி முழுக்கச் சண்டை. அப்பாவிடம் சொல்லுங்கள்.

பேட்டைக்காரன்

சரி, வாங்கியே விட்டீர்கள். எங்கள் சாஸ்தாவும் உங்கள் பக்கம்தான். பங்குனி உத்திரத்துக்கு ஒரு சீட் கிடைக்குமா?

சேரை வாத்தியார்

முன் சீட் அப்பாவுக்கு. பின்னால் பொங்கல் பானையை மடியில் வைத்துக்கொண்டு வருவது என்றால் வாங்க அண்ணாச்சி.